நல்ல கை வந்தும் பாட் ஏன் சின்னதாகவே இருக்கிறது?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. கைப்பேசியில், ஆறு பேர் மேசையில் நோ-லிமிட் ஹோல்டெம் ஆடுகிறார்: ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பெட்டுக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர். நல்ல கை வரும்போது பெட் (பந்தயம்) வைத்தால் எல்லாரும் ஃபோல்ட் செய்துவிடுகிறார்கள், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடுகிறார்கள். அதனால் செக் செய்து, அதாவது பெட் வைக்காமல் தாண்டிவிட்டு, பதுங்கிப் பார்க்கிறார். அப்போதும் சின்ன பாட்தான் (எல்லாரும் வைத்து நடுவில் சேரும் தொகை) கிடைக்கிறது. இல்லாவிட்டால் கடைசிச் சீட்டில் யாரோ எதையோ அடித்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறார். “செட் அடித்தால் எவ்வளவு வைப்பது, எப்போது பதுங்குவது, ஏஸ் ஜோடி மட்டும் ஏன் என்னை இப்படிக் கவிழ்க்கிறது?” என்று மூன்று கேள்விகள். செட் என்பது கையில் இருக்கும் ஜோடியோடு மேசையில் அதே எண் மூன்றாவதாக விழுவது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைத் தேடி வரக் கூடாது. சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத இணையத்தளத்தில் காசு வைத்து ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்து குடும்பத்தாரோ நண்பர்களோ ஆடலாம். வீட்டுக்காரர் அதில் கமிஷன் எடுக்கக் கூடாது. அதே நண்பர்கள் அதே காசுக்கு ஆன்லைனில் ஆடினால் அனுமதி இல்லை. தம்பி ஆடுவது காசாக மாற்ற முடியாத இலவச சிப் மேசை என்று சொல்லியிருக்கிறார். நல்லது. நான் கற்றுக்கொண்டது லண்டனில் வேலை பார்த்த நான்கு வருடங்களில், அங்கே உரிமம் பெற்ற தளங்களில், மிகச் சின்னத் தொகைக்கு. இப்போது எனக்குச் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமைதான். ஆளுக்கு 20 வெள்ளி, அதற்கு 10,000 சிப்.

அந்த 10,000 சிப்பையே வைத்துக் கணக்கைப் பார்ப்போம். பிளைண்ட், அதாவது சீட்டு பார்ப்பதற்கு முன்பே இருவர் கட்டாயமாகப் போடுவது, 50, 100. நீங்கள் 300க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள் (ஏற்றுகிறீர்கள்), பெரிய பிளைண்டில் இருப்பவர் மட்டும் கால் செய்கிறார் (அதே தொகையைப் போடுகிறார்). சின்ன பிளைண்ட் விட்டுப்போன 50ஐயும் சேர்த்தால் பாட்டில் 650. உங்கள் இருவரிடமும் மீதி 9,700. இந்த 9,700 நடுவுக்கு வர வேண்டும் என்பதுதான் செட் வைத்திருப்பவரின் ஆசை. வழியில் மூன்று சுற்றுகள் இருக்கின்றன: ஃப்ளாப் (மேசையில் முதல் மூன்று சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது, கடைசி).

மூன்று சுற்றிலும் பாட்டில் பாதி வைத்தால் 325, 650, 1,300. எல்லாவற்றையும் அவர் கால் செய்தாலும் உங்களுக்கு வருவது 2,275. முக்கால் பாட் வைத்தால் 490, 1,220, 3,050 என்று போய் மொத்தம் சுமார் 4,760. முழு பாட் வைத்தால் 650, 1,950, 5,850, ஆக மொத்தம் 8,450; கிட்டத்தட்ட அவருடைய கடைசி சிப் வரை. பாதிக்கும் முழுசுக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் வருவது 2,275க்கும் 8,450க்கும் உள்ள வித்தியாசம். ஒவ்வொரு பெட்டும் அடுத்த பெட்டின் அளவைத் தூக்கிவிடுகிறது, வட்டிக்கு வட்டி போல.

இப்போது தம்பி செய்வதைப் பார்ப்போம். ஃப்ளாப்பில் செக். அப்புறம் டர்னில் முழு பாட் 650, ரிவரில் 1,950. மொத்தம் 2,600. ஃப்ளாப்பில் விட்டது 650 சிப் மட்டும்தான் என்று நினைத்திருப்பார். கழித்துப் பாருங்கள்: விட்டது 5,850. ஃப்ளாப்பில் செக் செய்யும்போது பறிபோவது மூன்றாவது சுற்றின் பெட், அதாவது இருப்பதிலேயே பெரிய பெட். அது வைக்கப்படவே இல்லை என்பதால் அது போனதும் யாருக்கும் தெரிவதில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்வது இந்த ஆட்டத்துக்கு ரொம்பப் பொருத்தம்.

ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் வந்த பாட்டில் நிலைமை வேறு. எதிராளி 300 வைத்து, நீங்கள் பெரிய பிளைண்டிலிருந்து 1,000 ஆக்கி, அவர் கால் செய்தால் ஃப்ளாப்பிலேயே பாட் 2,050, மீதி 9,000. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்குக் கொஞ்சம் மேல், ஒரு 57 சதவீதம், வைத்தாலே ரிவரில் ஆல்-இன் தானாக அமைந்துவிடும்: 1,170, 2,500, பிறகு மீதி 5,330. எனவே “எவ்வளவு வைப்பது” என்பதற்கு ஒரே எண் கிடையாது. ஃப்ளாப் விழுந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள்: நடுவில் எவ்வளவு, கையில் மீதி எவ்வளவு. ரிவருக்குள் மீதி முழுவதும் உள்ளே போக வேண்டும் என்றால் இன்று எவ்வளவிலிருந்து தொடங்க வேண்டும் என்று பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். கொஞ்ச நாள் எண்ணினால் பழகிவிடும்.

சரி, பெட் வைத்தால் எல்லாரும் ஓடிவிடுகிறார்களே?

தேக்காவில் என் மாமா ஒருவர் புடவைக் கடையில் முப்பது வருடம் நின்றவர். சும்மா பார்க்க வந்தவரிடம் விலை சொன்னால் போய்விடுவார். சொல்லாவிட்டாலும் வாங்கப் போவதில்லை. கல்யாணத்துக்கு எடுக்க வந்தவரிடம் விலை சொல்லாமல் தேநீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். மாமா முழுக்க முழுக்க இரண்டாவது ஆளுக்காகவே வியாபாரம் செய்தார். போக்கரிலும் அப்படித்தான். ஃப்ளாப்பில் 500 வைத்ததும் ஃபோல்ட் செய்தவரின் கையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நீங்கள் செக் செய்திருந்தாலும் அவர் டர்னில் ஒன்றும் தந்திருக்க மாட்டார். காசு தருபவர் யார்? மேல் ஜோடி (மேசையின் பெரிய சீட்டோடு ஜோடி) வைத்திருப்பவர், ஃப்ளஷுக்கோ (ஒரே சின்னத்தில் ஐந்து) ஸ்ட்ரெய்டுக்கோ (வரிசையாக ஐந்து) ஒரு சீட்டு எதிர்பார்ப்பவர், உங்களைவிடச் சின்ன செட் வைத்திருப்பவர். இவர்களெல்லாம் ஃப்ளாப்பில்தான் அதிகத் தைரியமாக இருப்பார்கள். சீட்டு விழ விழ அந்தத் தைரியம் குறையும்.

இதை நான் ஒரு இரவில் கண்ணால் பார்த்தேன். ஈசூன் வீடு, மணி பதினொன்று தாண்டியிருக்கும். என் கையில் எட்டு ஜோடி, அதாவது இரண்டு எட்டு. நான் டீலர் இடத்தில் 300 வைத்தேன், பெரிய பிளைண்டிலிருந்த நண்பர் கால். ஃப்ளாப்: ஹார்ட் ஜாக், ஹார்ட் எட்டு, கிளாவர் மூன்று. செட். அவர் செக் செய்தார். லண்டனில் இத்தனை வருடம் படித்த கணக்கெல்லாம் மறந்து, முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டு நானும் செக் செய்தேன். டர்னில் ஹார்ட் ஏஸ் விழுந்தது. அவர் மறுபடி செக், நான் 450 வைத்தேன். அவர் சீட்டுகளைத் திருப்பி மேசையில் போட்டார்: கிங், ஜாக். “ஏஸும் வந்துருச்சு, ஹார்ட்டும் வந்துருச்சு. எனக்கு எதுக்குடா வம்பு?” என்று சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

ஃப்ளாப்பில் அவரிடம் இருந்தது மேல் ஜோடி, நல்ல கிக்கர் (ஜோடிக்குத் துணையான சீட்டு). 500 வைத்திருந்தால் யோசிக்காமல் கால் செய்திருப்பார். டர்னில் ஏஸ் வராமல் நான்கோ ஐந்தோ வந்திருந்தால் இன்னும் 1,200 தந்திருப்பார். நான் அந்தக் கையை ஜெயித்தேன். அன்று இரவு நான் தோற்ற எந்தக் கையையும்விட அதில்தான் அதிகம் போனது. தோற்ற கை மனதில் நிற்கும், குறைவாக ஜெயித்த கை நிற்காது. தம்பி “கடைசிச் சீட்டில் அடித்துவிடுகிறார்கள்” என்று நினைவில் வைத்திருப்பதற்கும், இப்படி நழுவியவற்றை நினைவில் வைக்காததற்கும் அதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

அந்தக் கடைசிச் சீட்டு விஷயத்தையும் கணக்கில் பார்த்துவிடலாம். ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைவாக வைத்திருப்பவருக்கு 9 சீட்டுகள் உதவும். டர்னில் நிற்கும்போது தெரியாத சீட்டுகள் 46. ஆக 19.6 சதவீதம், சுமார் ஐந்துக்கு ஒன்று. பாட் 2,000 என்று வையுங்கள். நீங்கள் செக் செய்தால் அவருக்கு இலவசமாக ஐந்துக்கு ஒரு வாய்ப்பு. 1,000 வைத்தால் அவர் 1,000 போட்டு 3,000க்கு ஆசைப்படுகிறார். நான்குக்கு ஒரு வாய்ப்பாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். எனவே அந்தக் காலில் சராசரியாக 216 சிப் இழக்கிறார். 2,000 வைத்து அவர் கால் செய்தால் சராசரி இழப்பு 824. ஆம், ஐந்தில் ஒரு தடவை அவர் அடிப்பார், உங்களுக்கு வயிறு எரியும். மீதி நான்கு தடவை 2,000 உங்களுடையது. டிரா, அதாவது இன்னும் முடியாத ஃப்ளஷோ ஸ்ட்ரெய்டோ, வைத்திருப்பவரை ஓட்ட வேண்டும் என்று நினைத்து பெட் வைக்காதீர்கள். அவர் தப்பான விலைக்கு வாங்கிக்கொண்டே இருக்கட்டும் என்று வையுங்கள். அவர் அடித்துவிட்ட பின் உங்கள் பெட்டுக்கு மேல் பெரிதாக ரெய்ஸ் செய்தால் மட்டும் நிதானியுங்கள். அவர் டர்னிலேயே அடித்திருந்தால், செட்டுக்கு அப்போதும் மேசையில் ஒரு ஜோடி விழுந்தால் ஃப்ளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்) ஆகும் வழி இருக்கிறது; செட்டின் நான்காவது சீட்டையும் சேர்த்து ரிவரில் 10 சீட்டுகள் உதவும்.

எப்போது பதுங்குவது என்பது இரண்டாவது கேள்வி. பதுங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு கைகளை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும்.

ஃப்ளாப்: ஏஸ், ஏழு, இரண்டு, மூன்றும் வேறு வேறு சின்னம். உங்கள் கையில் ஏழு ஜோடி. எதிராளியிடம் ஏஸ்-கிங் இருக்க எத்தனை வழி? மீதி ஏஸ் மூன்று, கிங் நான்கு: 12 வழிகள். ஏஸ்-குயின் 12, ஏஸ்-ஜாக் 12. வாங்குவதற்கு ஆள் நிறைய. விலையைச் சொல்லுங்கள், நன்றாகச் சொல்லுங்கள். இப்போது அதே ஃப்ளாப்பில் உங்கள் கையில் ஏஸ் ஜோடி. இருக்கும் நான்கு ஏஸில் மூன்று உங்களிடமும் மேசையிலும். ஏஸ்-கிங்குக்கு 4 வழிதான், ஏஸ்-குயினுக்கு 4. காசு தரக்கூடிய சீட்டை நீங்களே பிடித்துவைத்திருக்கிறீர்கள். மேசையும் வறண்டது, டிரா எதுவும் இல்லை, இலவசமாக ஒரு சீட்டு கொடுப்பதால் பெரிய ஆபத்தும் இல்லை. இங்கே செக் செய்யலாம், அல்லது பாட்டில் கால்வாசி வைத்து எதிராளியை ஒட்டவைக்கலாம். டர்னில் அவருக்கு ஒரு கிங்கோ குயினோ ஜோடி சேரட்டும்.

ஆக, கை எவ்வளவு பலம் என்பதை மட்டும் பார்த்துப் பதுங்கக் கூடாது. எதிராளிக்கு இரண்டாவது நல்ல கை இருக்க இடம் இருக்கிறதா, அடுத்த சீட்டு எனக்குக் கெடுதல் செய்யுமா: இந்த இரண்டுக்கும் “இல்லை” என்று பதில் வந்தால் பதுங்கலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு, அது ஆளைப் பொறுத்தது. செக்கைப் பார்த்தாலே பெட் வைக்கும் ஆசாமிகள் இருப்பார்கள். யாராவது தயங்கினால் உடனே பாயும் வகை. அவரிடம் நீங்கள் முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் செக் செய்து அவரையே வைக்கவிடுங்கள், அவரிடம் ஒன்றுமே இல்லாதபோதும் காசு வரும். ஆனால் ஜாக், பத்து, எட்டு போல நெருக்கமான, இரண்டு ஹார்ட் உள்ள மேசையில் யாராக இருந்தாலும் பதுங்காதீர்கள். அங்கே டர்னில் விழும் ஏழு, ஒன்பது, குயின், எந்த ஹார்ட்டும் ஒன்று உங்களைத் தோற்கடிக்கும், இல்லையென்றால் கால் செய்ய இருந்தவரைப் பயமுறுத்தும்.

இலவச சிப் மேசையில் இந்தப் பதுங்கலுக்கு அவசியமே குறைவு. அங்கே நான்கு பேர் எதையும் வைத்துக்கொண்டு ஃப்ளாப் பார்க்க வருவார்கள். பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு ரெய்ஸ் அவர்களை அசைக்காது. ஐந்தாறு மடங்கு வையுங்கள். அப்படியும் இரண்டு பேர் வந்தால் இன்னும் ஏற்றுங்கள். “எல்லாரும் ஃபோல்ட்” என்று தம்பி சொல்வது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்: அதே ஆட்களோடு தினமும் ஆடுகிறார், நல்ல கை வந்தால் மட்டும் வாயைத் திறக்கிறார். ஒரு மணி நேரம் செக், ஃபோல்ட், செக், ஃபோல்ட் என்று இருந்துவிட்டு திடீரென்று பெட் வைத்தால், தூங்கிக்கொண்டிருப்பவருக்கும் புரிந்துவிடும். அதற்கு மருந்து செட்டைப் பதுக்குவது இல்லை. ஃப்ளஷ் டிரா, ஸ்ட்ரெய்ட் டிரா கைகளையும் அதே அளவு பெட் வைத்து ஆட வேண்டும். எல்லாரும் ஃபோல்ட் செய்தால் பாட் உங்களுக்கு, அதுவும் ஒன்றுமில்லாத கைக்கு. ஒன்றிரண்டு தடவை டிராவோடு பிடிபட்டால் இன்னும் நல்லது. அடுத்த செட்டுக்கு ஆள் வருவார்.

கைப்பேசித் திரையில் பெட் அளவுக்குப் பொத்தான்கள் இருக்கும்: பாதி, முக்கால், முழுசு என்று. பலரும் கட்டைவிரல் பட்ட இடத்தை அழுத்திவிட்டுப் போகிறார்கள். சிலர் ரொம்ப நல்ல கை வந்தால் கம்பியை இழுத்து 1,137 போல ஒரு விசித்திர எண்ணைக் கொண்டுவருவார்கள். ஒரு மணி நேரம் கவனித்தால் யார் எந்த எண்ணுக்கு என்ன வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், மற்றவர்கள் செய்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிவர் சுற்றைப் பற்றித் தம்பி கேட்கவில்லை, ஆனால் பெரிய பெட் அங்கேதான் இருக்கிறது. அங்கே இனி சீட்டு வராது, டிரா என்ற பேச்சே இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் வைப்பதை எந்தெந்தக் கைகள் கால் செய்யும், அவற்றில் நான் ஜெயிப்பவை எத்தனை? மேசையில் கிங், ஒன்பது, நான்கு, ஆறு, இரண்டு, ஃப்ளஷ் இல்லை. உங்களிடம் ஏஸ்-கிங். எதிராளி ஃப்ளாப்பிலும் டர்னிலும் கால் மட்டும் செய்திருக்கிறார். உங்களுக்குத் தோற்று கால் செய்பவை: கிங்-குயின், கிங்-ஜாக், கிங்-பத்து. மீதி கிங் இரண்டு, ஆக ஒவ்வொன்றும் 8 வழி, மொத்தம் 24. உங்களை வெல்பவை: ஒன்பது, ஆறு, நான்கு செட்டுகள் தலா 3, கிங்-ஒன்பது 6, மொத்தம் 15. 39இல் 24 உங்களுக்கு. நீங்கள் கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தால் பெட் வைக்க இது போதும். பயந்து செக் செய்தால் காசை விடுகிறீர்கள்.

ஆனால் எவ்வளவு? பாட் அளவுக்கு வைத்தால் கிங்-ஜாக்கும் கிங்-பத்தும் ஓடிவிடும். மிஞ்சுவது கிங்-குயின் 8, எதிரில் 15. அதாவது கை மாறவில்லை, மேசை மாறவில்லை, அளவை ஏற்றியதாலேயே லாபப் பெட் நஷ்டப் பெட்டாகிவிட்டது. எனவே பாதி பாட், கிங்-பத்துக்கும் ஆசை வரும் விலை. இப்போது அதே மேசையில் உங்களிடம் நான்கு ஜோடி, அதாவது செட். மீதி கிங் மூன்று. ஏஸ்-கிங்கிலிருந்து கிங்-பத்து வரை நான்கு கைகள், தலா 12, மொத்தம் 48. கிங்-ஒன்பதையும் சேர்த்தால் 57. உங்களை வெல்வது கிங், ஒன்பது, ஆறு செட்டுகள், 9 வழி மட்டும். இங்கே முழு பாட் வைத்துப் பாதிப் பேர் ஓடினாலும் லாபம்தான்.

சில சமயம் பாட்டை விடவும் பெரிதாக வைக்கலாம். பேச்சுக்கு எண் சொல்கிறேன்: பாட் 1,000. 500 வைத்தால் நூறில் 60 தடவை கால் கிடைக்கும், சராசரி 300. 1,000 வைத்தால் 40 தடவை, சராசரி 400. 2,000 வைத்தால் 25 தடவைதான், ஆனால் சராசரி 500. வெல்ல முடியாத கை உங்களிடம் இருந்து, எதிராளியிடம் ஓரளவு நல்ல கை இருக்கும் என்று தோன்றினால், குறைவான தடவை கால் கிடைப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 கைகள் ஒருவருக்கு ஒருவராக ஆடி எல்லாரையும் வென்றது. சின்ன பாட்டுக்கு அது தூக்கிப்போட்ட பூதாகரமான பெட்டுகளைப் பார்த்துத்தான் மனிதர்கள் அதிகம் திணறினார்கள். நல்ல கைக்கு மட்டும் அது அப்படி வைக்கவில்லை, ஒன்றுமில்லாத கைக்கும் வைத்தது, அதனால்தான் திணறல். ஈசூன் மேசையில் நாங்கள் யாரும் அந்த அளவுக்கு இல்லை. அங்கே பெரிய பெட் என்றால் பெரிய கைதான்.

கடைசியாக ஏஸ் ஜோடி. இது 221 கைக்கு ஒரு தடவை வரும் சீட்டு, அதனால் வந்ததும் கை நடுங்குகிறது. ஒரே ஒரு எதிராளியின் ஏதோ ஒரு கைக்கு எதிராக அது சுமார் 85 சதவீதம் ஜெயிக்கும். நான்கு பேர் உள்ளே வந்துவிட்டால் சுமார் 56 சதவீதம்தான். எனவே முதல் சுற்றில், ஃப்ளாப் வருவதற்கு முன்னாலேயே, விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறையுங்கள். ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு பேசாமல் 100 மட்டும் போட்டு ஐந்து பேரை உள்ளே விடுபவருக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

ஃப்ளாப் விழுந்த பின் அது வெறும் ஒரு ஜோடி. பெரிய ஜோடி, ஆனால் ஜோடி. செட்டோடு இதைச் சேர்த்து ஒரே தராசில் வைப்பதுதான் தம்பியைக் கவிழ்க்கிறது என்று நினைக்கிறேன். செட் வைத்திருந்தால் 10,000 முழுவதையும் உள்ளே தள்ள ஆசைப்படலாம். ஏஸ் ஜோடியோடு ஃப்ளாப்பிலும் டர்னிலும் பெட் வைத்து மேல் ஜோடிக்காரரிடம் வாங்குங்கள். ரிவரில் மேசை பயமாக இருந்தால் செக் செய்து காட்டிவிடலாம், வெட்கமில்லை. டர்னில் உங்கள் 1,200க்கு அவர் 3,600 ஆக்கினால்? இதுவரை பேசாமல் கால் மட்டும் செய்துவந்தவர், டர்னில் திடீரென்று எழுந்து நின்றால், சின்னத் தொகை மேசைகளில் அது பெரும்பாலும் இரண்டு ஜோடி அல்லது செட். ஒன்றுமில்லாமல் உங்களை ஏமாற்ற அவர் அத்தனை சிப்பைப் போடுவது அபூர்வம். நினைவிருக்கட்டும், ஜோடி கையில் உள்ளவருக்கு ஃப்ளாப்பில் செட் விழுவது சுமார் எட்டரை தடவைக்கு ஒரு தடவை. அது அவருக்கு விழுந்த தடவை இதுவாக இருக்கலாம். இப்படி ஃபோல்ட் செய்ய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் “ஏஸ் ஜோடிடா இது” என்று உள்ளே ஒரு குரல் கேட்கும்.

ஃபோல்ட் செய்த பின் எதிராளி உண்மையில் என்ன வைத்திருந்தார் என்று தெரியாமலே போகும். ஆன்லைனில் காட்ட மாட்டார்கள். ஈசூனில் கேட்டால் சொல்வார்கள், ஆனால் நம்பி விட முடியாது.